எலி கடித்த வயர்

இணையம் ஆகாயத்தால் வருகிறது என்றே நம்மவர் பலர் நினைக்கிறோம். கைபேசிக் கோபுரம் வரைதான் காற்று. அதற்கப்பால் பெரும்பாலும் கம்பிதான்.

கடந்த நோன்பின் கடைசிப் பத்தில், கடை நிறையச் சனம் நிற்க, எங்கள் பில் கணனி பிரதான கணனியோடு தொடர்பற்று நின்றது. மேசைக்கடியில் வயரை எலி கடித்திருந்தது! அன்றைய நட்டம் என் கவலையீனத்துக்கான கூலி.

செப்புக் கம்பியில் மின்துடிப்பாக ஓடும் தகவல், கண்ணாடி இழையில் ஒளியாகிக் கடலடியால் வெளிநாடு செல்கிறது. 2004 ஆகஸ்டில் கொழும்புக் கடலில் கப்பல் நங்கூரமொன்று அந்தக் கேபிளைச் சேதப்படுத்த, நாட்டின் இணையமே முடங்கியது. பின்னர் கொழும்பிலும் மாத்தறையிலும் புதிய கேபிள்கள் கரையேறின.

நாடு மாற்றுவழி தேடிக்கொண்டது. நாமோ கல்லாவுக்குப் பூட்டுப் போடுகிறோம். வயருக்கு ஒரு குழாய் போடுவதில்லை. வர்த்தகர்களே, குழாயோடு உபரி வயரொன்றும் பில் புத்தகமும் கடையில் இருக்கட்டும்.