நம்மூருக்கு வெயில் மட்டும்தான் பருவமா?

"நம்மூரில் ஏது பருவம்? வெயில், கொஞ்சம் மழை, மறுபடி வெயில்" என்று கடற்கரை நடையில் நண்பர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. பாதிக் கோபம் என் மேலேயே. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ப்ரந்தான், எத்தே, ஒத்தோன், இவேர் என்று ஒப்பித்து, கண்ணால் காணாத பனியைப் பற்றிக் கட்டுரை எழுதி மார்க்கும் வாங்கினேன். வாசலில் நின்ற வேப்பமரம் எந்த மாதம் பூக்கும் என்று யாரும் கேட்கவில்லை. குமாஸ்தா வேலையிலும் கோப்பை விட்டுத் தலை நிமிரவில்லை.

ஓய்வுக்குப் பிறகுதான் பார்க்கிறேன். சித்திரையில் சரக்கொன்றையும் குயிலும். முதல் மழைக்கு மண்ணில் ஊரும் சிவப்புப் பட்டுப்பூச்சி. ஐப்பசியில் வேலியெல்லாம் செங்காந்தள். மார்கழியில் ஊசுட்டேரியில் ஊசிவால் வாத்துகள்.

போன ஐப்பசியில் எங்கள் குடியிருப்பார் காலி மனையைப் பொக்லைன் விட்டுச் 'சுத்தம்' செய்தார்கள். செங்காந்தளை வெட்டினால் கிழங்கிலிருந்து துளிர்க்கும், தோண்டி எறிந்தால்? ஆவாரையும் தும்பையும் அதோடு போயின. அந்த இடத்தில் கோனோகார்பஸ் வரிசை! வெளிநாட்டு மரத்தோடு எனக்குப் பகையில்லை. புதுச்சேரியின் அடையாளப் பூவான நாகலிங்கமே தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பாம்பு பயம் என்கிறார்கள். நியாயம்தான். நடைபாதையை ஒட்டி வெட்டுங்கள், வேலியோரத்தை விடுங்கள்.

பேத்தி பள்ளியிலிருந்து இலையுதிர்காலம் என்று சிவப்பு மேப்பிள் இலை வரைந்து வந்தாள். அறுபது வருடமாக அதே பாடம்!

ஆடி பிறந்ததும் சங்கத்துக்கு மனு எழுதப் போகிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் சொல்லுங்கள்.