வலிக்கிறது என்றால் நகைப்பதா?

"கொழுப்பெடுத்தவன், கத்தியை அவனேதான் தேடிப் போனான். இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறுகிறான். அனுபவிக்கட்டும்!"

இப்படிப் பேசுகிறார்கள். தேநீர்க் கடையிலே பேசுகிறார்கள், ஆலை வாயிலிலே பேசுகிறார்கள், கல்யாணப் பந்தியிலே இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டும் பேசுகிறார்கள். கொழுப்பு என்ற சொல்லுக்குத் தமிழிலே திமிர் என்றும் ஒரு பொருள் உண்டு. ஆகவேதான் போலும், உடல் பருத்தவனைக் கண்டால் அவன் உள்ளமும் பருத்திருக்கும் என்றொரு நினைப்பு நம்மிலே பலருக்கு! அது மொழி தந்த கேலி. மருத்துவம் தந்த முடிவல்ல.

உடல் எடையைக் குறைக்க இரைப்பையிலே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றித்தான் சொல்கிறோம். "அது சீமான்களின் சிங்காரம், நமக்கென்ன?" என்று தோழர்கள் ஏட்டை மடித்துவிட வேண்டாம். இரவுக் காவலிலே உட்கார்ந்தே உடல் ஊதிப்போனவர் உண்டு. நாள் முழுதும் ஆட்டோவின் இருக்கையை விட்டு இறங்காமல், சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்து வாட்ட, முழங்கால் மடங்காமல் போனவர் உண்டு. எடையைக் கிலோவிலே எடுத்து, உயரத்தை மீட்டரிலே எடுத்து அதன் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். ஆசிய மக்களுக்கு அந்த எண் 27.5-ஐத் தாண்டினாலே இந்தச் சிகிச்சையைப் பற்றி எண்ணலாம் என்று உலக அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022இல் வழிகாட்டின. 27.5 என்பது மலை போன்ற உடம்பல்ல. நம் தெருவிலே நாள்தோறும் நடந்து போகிற உடம்பு.

இது நேற்று முளைத்த வித்தையுமல்ல. 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிக்காஷி இட்டோ என்ற இருவர் 'கேஸ்ட்ரிக் பைபாஸ்' என்பதைத் தொடங்கினார்கள். இன்று அதன் திருந்திய வடிவத்திலே, இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி லிட்டர் கொள்ளும் சிறு பையைப் பிரித்து, சிறுகுடலை மேலே இழுத்து அதனோடு தைத்துவிடுகிறார்கள். இன்னொரு முறை 'ஸ்லீவ்'. இரைப்பையில் நான்கிலே மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது. சிகிச்சை பயன் தருகிறதா என்றால், தருகிறது. சர்க்கரை நோய் தணிகிறது, மூச்சு இலேசாகிறது. அதை மறுப்பவர் அல்லர் நாம்.

ஆனால் வலி?

டென்மார்க்கிலே பைபாஸ் செய்துகொண்ட 1400க்கு மேற்பட்டோரைக் கேட்டு 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்துப் பேரில் எட்டுக்கு மேற்பட்டோர், 'முன்னைவிட நலமாக இருக்கிறோம்' என்றார்கள். அதே மக்களிலே மூன்றில் ஒருவர் வயிற்று வலிக்காக மருத்துவ உதவியை நாடியிருந்தார்! நலமும் உண்மை, வலியும் உண்மை. விளம்பரத் தட்டியிலே முதல் பாதி மட்டும் இருக்கிறது: இந்தப் பக்கம் பருத்த படம், அந்தப் பக்கம் மெலிந்த படம். இரண்டுக்கும் நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த இரவுகளை எந்த ஓவியன் தீட்டினான்?

வலி எல்லாம் ஒரு வலி அல்ல. அதை முதலில் அறிய வேண்டும்.

சிகிச்சை முடிந்த ஓரிரு நாளில் தோளிலும் வயிற்றிலும் இழுத்துப் பிடிக்கும் வலி பெரும்பாலும் வயிற்றுக்குள் அவர்கள் செலுத்திய வாயுவால் வருவது. எழுந்து நடக்க நடக்கக் கரையும். ஆனால் நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி ஓடுகிறது, காய்ச்சல் அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால், அது வாயு அல்ல. தைத்த இடத்திலே கசிவு இருக்கலாம். அந்த நேரத்திலே 'விடியட்டும் பார்ப்போம்' என்று சொல்பவர் உறவினர் அல்லர், பகைவர்.

வாரங்கள் சில சென்றபின் வருகிற வலியிலே பாதி, தட்டிலே இருந்து வருகிறது. முப்பது மில்லி பையிலே மூன்று இட்டிலியை மூன்று நிமிடத்தில் தள்ளினால் பை என்ன செய்யும்? சிறு கவளம், கூழாகும்வரை மெல்லல், சாப்பாட்டின் நடுவே தண்ணீர் குடியாமல் அரைமணி கழித்துக் குடித்தல் இவையே முதல் மருந்து. முட்டை, மீன், பருப்பு முதலில்; சோறு பிறகு. அல்வாவும் ஜிலேபியும் பைபாஸ் செய்தவர் வயிற்றிலே இறங்கினால், சிறுகுடலுக்குள் சர்க்கரை திடீரெனக் கொட்டி, வயிறு முறுக்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்து, பேதியும் கண்டுவிடும். சிலருக்குப் பாலே ஆகாமற் போகும். 'கேஸ்' என்று சொல்லிக் கோலி சோடாவை உடைத்து வாயில் ஊற்றும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: வாயு போதாதென்று இன்னும் வாயுவை ஊற்றுகிறீர்கள்!

பித்தக்கல்லையும் சொல்லியாக வேண்டும். எடை மளமளவென்று குறைகிறபோது பித்தப்பையிலே கல் கட்டும். 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருந்தில்லாதவர்களிலே நூற்றுக்கு 32 பேருக்குக் கல் கண்டது. அர்சோடியால் என்ற மாத்திரையை நாளொன்றுக்கு 600 மில்லி கிராம் ஆறு மாதம் உட்கொண்டவர்களிலே நூற்றுக்கு இருவருக்கே கண்டது. இந்த மாத்திரை தமக்கு வேண்டுமா என்று டாக்டரைக் கேட்க நோயாளிக்கு உரிமை இல்லையா? கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தால்தானே கேட்பார்!

இனி நம் தோழர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. உடம்பு வலித்தால் உழைப்பாளி என்ன செய்கிறான்? முக்குக் கடைக்குப் போகிறான். சீட்டு இல்லை, கேள்வி இல்லை. டைக்ளோபினாக் இரண்டு, புரூபன் இரண்டு, காகிதத்திலே சுற்றிக் கொடுக்கிறார்கள். வாயிலே பீடி, கையிலே மாத்திரை! பைபாஸ் செய்த வயிற்றிலே தையல் போட்ட ஓரத்திலே புண் உண்டாக்கும் காரணங்களில் முன்னிற்பவை இந்த இரண்டுமே: புகையும், இந்த வகை வலி மாத்திரைகளும். சாப்பிட்டவுடன் மேல்வயிறு எரிகிறதே என்று அந்த வலிக்கு இன்னும் இரண்டு மாத்திரை! புண்ணைக் கொடுத்த கையிடமே மருந்து கேட்கும் கொடுமை இது. புண் ஆழ்ந்தால் இரத்தம் கசியும், மலம் கறுக்கும், ஓட்டையும் விழும். வலிக்குப் பாரசிட்டமால் போதும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். இதயத்துக்காக ஆஸ்பிரின் உட்கொள்பவர் தாமாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பீடிக்கு மட்டும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, எறிந்துவிடலாம்.

எல்லாவற்றினும் கொடியது ஒன்று இருக்கிறது. அதற்காகவே இதை எழுத உட்கார்ந்தோம்.

பைபாஸிலே குடலை மேலே இழுத்துத் தைக்கிறபோது, குடலைத் தாங்கும் சவ்வுகளுக்கிடையே இடைவெளிகள் உண்டாகின்றன. உடல் இளைக்க இளைக்க, உள்ளே இருந்த கொழுப்பும் கரைய, அந்தச் சந்து அகலமாகிறது. ஓராண்டோ ஈராண்டோ கழித்து, எல்லோரும் 'இளைத்துவிட்டாயே, அழகாகிவிட்டாயே' என்று பாராட்டிக்கொண்டிருக்கும் வேளையிலே, ஒரு நாள் குடல் அந்தச் சந்துக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறது. உள் குடலிறக்கம் என்பது இதுதான். சாப்பிட்டபின் முறுக்கும், தானாக விடும். மறுபடி முறுக்கும், மறுபடி விடும். விடாமல் முறுக்கிய அன்று, குடலுக்குப் போகும் இரத்தம் நின்று குடலே அழுகிப்போகும். கருவுற்ற பெண்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கவனத்துக்குரியது. அவர்களது வலியைப் 'பிள்ளை உதைக்கிறது' என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள்.

சுவீடனிலே 2507 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வந்தது. அந்தச் சந்துகளைத் தைத்து மூடாதவர்களில், குடல் அடைப்புக்காக மூன்றாண்டுக்குள் மறுபடி கத்தி வைக்க நேர்ந்தது நூற்றுக்குப் பத்துப் பேருக்கு. மூடியவர்களில் ஐந்தரைப் பேருக்கு. ஏறத்தாழப் பாதி குறைந்தது, அடியோடு ஒழியவில்லை.

இந்த நிலையிலே நம் வீடுகளில் நடப்பதென்ன? 'குடலேற்றம்' என்கிறார்கள். விளக்கெண்ணெயை ஊற்றி வயிற்றைத் தடவுகிறார்கள், காலைப் பிடித்துத் தட்டுகிறார்கள். 'கண்ணு பட்டுவிட்டது, எப்படி இருந்தவன் எப்படி இளைத்துவிட்டான்' என்று மிளகாயைச் சுற்றி நெருப்பிலே போடுகிறார்கள். மிளகாய் வெடிக்கிறது, உள்ளே குடல் கறுக்கிறது. பாட்டியைப் பழிக்கவில்லை நாம். அவளுக்கு யார் சொன்னார்கள்? ஆனால் படித்தவர் செய்வது மட்டும் என்ன? நாமறிந்த நெசவாலைத் தோழர் ஒருவர், பைபாஸ் முடிந்து ஈராண்டுக்குப் பின் இப்படி முறுக்கு வலியோடு நள்ளிரவிலே ஒரு மருத்துவமனைக்கு ஓடினார். ஸ்கேன் எடுத்தார்கள்; 'ஒன்றுமில்லை, கேஸ்' என்றார்கள்; ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டாம் முறை வேறிடம் சென்றதால் பிழைத்தார். அங்கே கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, மாட்டியிருந்த குடலை விடுவித்தார்கள். வலி இல்லாத நேரத்திலே எடுத்த ஸ்கேன் சுத்தமாகவே தெரியலாம். படம் சுத்தம் என்பதால் வயிறும் சுத்தம் என்று பொருளல்ல.

அந்தக் குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றியும் ஒன்று. நாட்கணக்கில் வாந்தி எடுத்தவர் உடம்பிலே தயாமின் என்ற பி1 சத்து வற்றியிருக்கும். அதை முதலிலே கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும். 'குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்' என்று நாமே கெஞ்சுகிற பழக்கம் இருக்கிறதே, இவர்கள் விஷயத்திலே அது வேண்டாம்.

இத்தனையும் சோதித்து ஒன்றுமே அகப்படாதவர்களும் உண்டு. குழாய் விட்டாயிற்று, ஸ்கேன் ஆயிற்று, பித்தப்பையும் சுத்தம். வலி மட்டும் போகவில்லை. அவர்களைப் பொய்யர் என்பதா? நரம்பு வழி வரும் வலி உண்டு, மலச்சிக்கலால் வரும் வலி உண்டு, குடலிலே கிருமி பெருகி வரும் வலி உண்டு. எந்த நேரம், எதைத் தின்றபின், எந்த இடம், எவ்வளவு நேரம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்திலே குறித்துக்கொண்டு போனால், பத்து நிமிடம் மட்டும் பார்க்கிற டாக்டருக்கும் துப்புக் கிடைக்கும். வேலைக்கிடையே இரண்டிரண்டு வாய் ஆறு தடவை சாப்பிட மேஸ்திரி அனுமதிக்க வேண்டும்; அதைச் சங்கத்தின் மூலமே கேட்கலாம், தவறில்லை.

மருத்துவமனைகளிடம் நாம் கேட்பது பெரிதல்ல. கத்தி வைக்குமுன் கையெழுத்து வாங்குகிறீர்களே, அந்தத் தாள் தமிழிலே இருக்கட்டும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டிலே என்ன சிகிச்சை செய்தீர்கள், பைபாஸா ஸ்லீவா, சந்துகளை மூடினீர்களா இல்லையா என்று எழுதுங்கள். எந்த மாத்திரை ஆகாது என்று எழுதுங்கள். கீழே ஒரு தொலைபேசி எண்ணை எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு மணி அடித்தால் எடுக்கிற ஆள் இருக்கிற எண்ணாக அது இருக்கட்டும். தோழர்கள் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையிலே வைத்திருங்கள். வலி வந்து எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும், பெயரைச் சொல்லுமுன் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.