அறப்பள்ளி வாசலில் ஒரு குவளை முடவாட்டுக்கால்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறி, வளப்பூர் நாட்டில் ஐயாற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் அறப்பளீஸ்வரரைத் தரிசித்துவிட்டு வெளியே வரும் முதிய அன்பர்கள், அங்குள்ள கடைகளைக் கண்டு ஒரு கணம் திகைப்பதுண்டு. பழுப்பு நிற உரோமம் அடர்ந்து, பார்வைக்கு ஆட்டின் காலைப் போன்றே தோன்றும் பொருள்கள் அங்கே குவிக்கப்பட்டிருக்கும். அருகில் அடுப்பின்மேல் பாத்திரம் கொதித்துக்கொண்டிருக்கும். மிளகும் பூண்டும் மணக்கும். ‘ஆட்டுக்கால் சூப்’ என்ற குரல் காதில் விழும். சிவன் கோயில் வாசலில் இது என்ன அநாசாரம் என்று, நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுகிறார்கள்.

அவர்கள் நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது ஆடும் அன்று; காலும் அன்று. முடவாட்டுக்கால் என்னும் பெரணி வகைத் தாவரத்தின் கிழங்கு. அதில் எள்ளளவும் புலால் இல்லை. இத்தலத்திலோ ஆற்று மீனைக்கூட எவரும் பிடிப்பதில்லை. முன்னொரு காலத்தில் இங்கே மீனைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தபோது, துண்டுகள் ஒன்றுகூடி உயிர்பெற்று ஆற்றில் துள்ளி ஓடின என்பது தல வரலாறு. இன்றும் அடியார்கள் ஐயாற்று மீன்களுக்குப் பொரி இட்டு வணங்கிய பின்னரே சன்னிதிக்குள் செல்கிறார்கள். தேவார வைப்புத் தலங்களுள் ஒன்றான அறப்பள்ளியின் பெருமை அத்தகையது. அந்த வாசலில் விற்கப்படும் பானத்தின் பெயரில் மட்டும் ஆடு இருப்பது ஒரு வேடிக்கையே.

கிழங்கு என்று வழங்கினாலும், தாவர நூலார் கணக்கில் அது வேரன்று. பாறையையும் மரக்கிளையையும் பற்றிக்கொண்டு படரும் தண்டு. ‘டிரைனேரியா குவெர்சிஃபோலியா’ என்பது அதன் அறிவியற்பெயர். பெரணி இனமாதலால் பூப்பதுமில்லை, காய்ப்பதுமில்லை. அதற்கு இரண்டு வகை இலைகள் உண்டு. ஒன்று பச்சையாய் நீண்டு வளர்வது. மற்றொன்று குட்டையாய், விரைவில் பழுப்பேறி, தண்டை அணைத்தபடி கிண்ணம்போல் நிற்பது. மேலிருந்து உதிரும் சருகுகளையும் தூசியையும் மழைநீரையும் இந்தக் கிண்ணம் ஏந்திக்கொள்ளும். அவை மட்கி எருவாகும். மண்ணே இல்லாத பாறையில் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்ளும் செடி இது. உதிர்ந்தவற்றைச் சிறுகச் சிறுகச் சேமித்து வாழும் இச்செடியின் சிக்கனம், எந்த வங்கிக் கணக்கையும் விஞ்சியது.

பெயருக்கு மலைமக்கள் சொல்லும் பொருள் ஒன்று உண்டு. முடவனையும் ஆட்டுவிக்கும் கால், அதாவது நடக்க இயலாதவனையும் எழுந்து ஆடச் செய்வது என்பார்கள். சொல்லாராய்ச்சியில் இது நிற்குமா என்பது வேறு. ஆனால் சீனத்திலும் இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு பெரணியின் தண்டுக்கு ‘உடைந்த எலும்பைச் சீராக்குவது’ என்ற பொருளில்தான் பெயர் வழங்குகிறது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு நாட்டு மக்கள் ஒரே இனச் செடியை எலும்போடும் மூட்டோடும் தொடர்புபடுத்தியிருப்பது வியப்புக்குரியது.

இனி அதன் சுவை. நகரத்துப் பெரிய கடைகளில் இப்போது சிறு பைகளில் அடைத்துச் சீமைச் சாமந்திப்பூத் தேநீர் விற்கிறார்கள். கெமோமில் என்று அதற்குப் பெயர். ‘தரை ஆப்பிள்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வெந்நீரில் இட்டு ஐந்து நிமிடம் மூடிவைத்தால், பொன்னிறமும் ஆப்பிளை நினைவூட்டும் மெல்லிய மணமும் இறங்கும். கொதிக்கவிட்டால் அந்த மணம் ஆவியோடு போய்விடும். பூவுக்கு ஊறல்தான் முறை. முடவாட்டுக்காலோ நேர் எதிரானது. கடினமான தண்டு, நெடுநேரம் கொதித்தால்தான் தன் சாரத்தைக் கொடுக்கும். சித்த மருத்துவத்தில் குடிநீர் என்று கூறப்படும் வகையை ஒத்தது இது. அயல்நாட்டுப் பூவை இருநூறு முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கி, கண்மூடி மணம் நுகர்ந்து பருகத் தெரிந்த பிள்ளைகள், கொல்லிமலைக் குடிநீரை மட்டும் மருந்து விழுங்குவதுபோல் ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்வது ஏனோ தெரியவில்லை.

அதையும் நிதானமாகவே பருக வேண்டும். குவளையை இரு கைகளாலும் பற்றி, முதலில் ஆவியை முகரவேண்டும். எழுவது மிளகும் சீரகமும் கொத்தமல்லியும்தான். கிழங்கின் மணம் அவற்றுக்கு அடியில், மழை நனைத்த பாறையின் வாசம்போல் மறைந்திருக்கும். முதல் மிடறில் காரம் தொண்டையைத் தொடும். இரண்டாவதில் நாவின்மேல் மெல்லிய வழுவழுப்புப் படியும். அசைவம் உண்பவர்கள் இதை ஆட்டுக்கால் சாற்றோடு ஒப்பிடுவது பெரும்பாலும் இந்த வழுவழுப்பினாலும் மசாலையினாலுமே. பருகி முடித்தபின் நாவின் ஓரத்தில் சிறு துவர்ப்பு நிற்கும். அதுதான் கிழங்கின் சொந்தச் சுவை. மசாலையை அள்ளிப் போட்ட கடையில் இத்துவர்ப்பு தெரியாது. அது நல்ல சூப்பும் அன்று.

ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஏறி வந்தவர்களுக்கு, மலைக்குளிரில் இந்தச் சூடு அமிர்தமாகவே தோன்றும். ‘முழங்கால் வலி பறந்துவிட்டது’ என்று அங்கேயே சொல்பவர்களும் உண்டு. உட்கார்ந்து இளைப்பாறியதற்கும் சூட்டுக்கும் மிளகுக்கும் அதில் எவ்வளவு பங்கு என்று யார் பிரிப்பது? வீக்கத்தைத் தணிக்கும் தன்மை இக்கிழங்குக்கு உண்டு என விலங்குகளிடம் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. தேய்ந்த மூட்டை அது மீண்டும் வளர்க்கும் என மனிதரிடம் நிறுவப்படவில்லை. இதை நம்பி மூட்டு வலிக்கான மாத்திரையையோ சர்க்கரை நோய்க்கான மாத்திரையையோ நிறுத்துவது பேதைமை. சிறுநீரகக் குறைபாட்டுக்காக நீரையும் உப்பையும் அளந்து கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடவேண்டாம். மூலிகை என்றாலே தீங்கற்றது என்பதும் சரியன்று. அந்தச் சாதுவான சீமைச் சாமந்திகூட, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்களுக்கு ஏற்றதன்று என்றே மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

வீட்டில் செய்ய விரும்புவோர் நான்கு பேருக்கு நூறு கிராம் கிழங்கு வாங்கினால் போதும். மேலுள்ள உரோமத்தையும் தோலையும் கத்தியால் முற்றிலும் சுரண்டிக் கழுவவேண்டும். இதில் சோம்பல் கூடாது, ஓரிரு இழை நின்றாலும் தொண்டையில் உறுத்தும். சிறு துண்டுகளாக்கி நசுக்கி, ஒரு லிட்டர் நீரில் மஞ்சள்தூளோடு இட்டு, நீர் முக்கால் பங்காகச் சுண்டும்வரை சிறு தீயில் கொதிக்கவிட வேண்டும். மிளகு, சீரகம் வகைக்கு ஒரு தேக்கரண்டி, சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றைத் தட்டிப்போட்டு மேலும் ஒரு கொதி வந்ததும் வடிகட்டி, கொத்தமல்லித் தழை தூவவேண்டும். பிரதோஷம், சஷ்டி போன்ற நாள்களில் வெங்காயமும் பூண்டும் விலக்குபவர்கள் இஞ்சியும் கறிவேப்பிலையும் சேர்க்கலாம். உண்மையில் அப்படிச் செய்யும்போதுதான் கிழங்கின் துவர்ப்பு தெளிவாகத் தெரிகிறது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கிலோ கணக்கில் அள்ளிவரத் தேவையில்லை. பாறையிலிருந்து தண்டை முழுவதுமாகப் பெயர்த்தால் அச்செடி அங்கே முடிந்தது. நுனியோடு ஒரு பகுதியை விட்டு அறுத்தால்தான் மீண்டும் படரும். வாங்கும்போது இதை ஒரு வார்த்தை கேட்டால், விற்பவர்கள் தாராளமாகப் பேசுகிறார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது ஃபிளாஸ்கில் நிரப்பிக்கொண்டு போகச் சிலர் முயல்வதுண்டு. குடிநீருக்குச் சித்த மருத்துவர்கள் விதித்த ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். பேருந்து எழுபது வளைவுகளும் இறங்கிச் சேலமோ நாமக்கல்லோ போய்ச் சேர்வதற்குள் அதில் பெரும்பகுதி கழிந்துவிடும். மலையிலேயே, அடுப்பருகில் நின்று, கைசுடப் பருகிவிட்டு இறங்குவதே நல்லது.