தூசிக்குப் புகை சாக்காகக் கூடாது

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டது. அங்கு உழைத்தவர்களின் நுரையீரலில் படிந்த சிலிக்கா தூசி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டையிலும் சுற்றியுள்ள தொழிலாளர் குடியிருப்புகளிலும் முன்னாள் தொழிலாளி ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்றால், முதலில் எழும் கேள்வி பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்பதே. உண்டு என்ற பதிலோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது.

சிகரெட்டைக் குற்றத்திலிருந்து விடுவிக்க முடியாது. அதன் புகையில் உள்ள சுமார் 7,000 வேதிப்பொருள்களில் குறைந்தது 69 புற்றுநோயை உண்டாக்குபவை. பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஆர்செனிக், காட்மியம், புகையிலைக்கே உரிய நைட்ரோசமீன்கள் எனப் பட்டியல் நீள்கிறது. கதிர்வீச்சை உமிழும் பொலோனியம்-210 கூட அதில் உண்டு. பென்சோபைரீன் உடலுக்குள் மாற்றமடைந்து, மரபணுவில் ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கிறது. பீடிப் புகையும் இதற்கு விலக்கல்ல.

ஆனால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகைப்பழக்கத்தை 1986-ல் எந்தப் பிரிவில் வைத்ததோ, அதே முதல் பிரிவில்தான் தொழிலிடங்களில் சுவாசிக்கப்படும் படிக சிலிக்காவையும் 1997-ல் வைத்தது. தங்கவயல் தொழிலாளர்களிடையே சிலிக்கோசிஸ் பரவியிருந்தது 1940-களிலேயே பதிவான செய்தி. மூச்சுக்குழாயில் தூசியை வெளியே தள்ளும் நுண்மயிர்களைப் புகை செயலிழக்கச் செய்கிறது. உள்ளே போன தூசி தங்கிவிடுகிறது. இரண்டும் சேரும்போது ஏற்படும் ஆபத்து, தனித்தனி ஆபத்துகளின் கூட்டலை விஞ்சுகிறது. எனவே, புகைத்தவர் என்பதற்காகச் சுரங்கத்தின் பங்கைக் கழித்துவிடுவது மருத்துவமும் ஆகாது, நியாயமும் ஆகாது.

கர்நாடக அரசு 2025-ல் சட்டத்தைத் திருத்தி, புகையிலைப் பொருள்கள் வாங்கும் வயதை 21 ஆகவும், பொது இடத்தில் புகைப்பதற்கான அபராதத்தை ரூ.1,000 ஆகவும் உயர்த்தியது வரவேற்கத்தக்கது. அறுபதைக் கடந்த சுரங்கத் தொழிலாளிக்கு அதனால் என்ன பயன்?

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மத்திய சுரங்க அமைச்சகத்தின் கீழ் இயங்கிய பொதுத்துறை நிறுவனம். ஆகவே பொறுப்பு தில்லியைச் சேர்ந்தது. பணிப் பதிவேடுகளைக் கொண்டு முன்னாள் தொழிலாளர்களைக் கண்டறிந்து, நுரையீரல் பரிசோதனையும் புகையை விடுவதற்கான சிகிச்சையும் ஒரே இடத்தில் தர வேண்டும். படிந்த தூசியை வெளியே எடுக்க வழியில்லை. புகைப்பதை நிறுத்தினாலோ சுமார் 10 ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. நீண்டகாலம் மூடிக்கிடந்த நிறுவனத்தின் மருத்துவமனை, 2021-ல் கொரோனா அலையின்போது தூசி தட்டித் திறக்கப்பட்டது. அந்த வளாகத்தையே இதற்கும் பயன்படுத்தலாம்.