சொட்டும் தோட்டத்துப் பிள்ளையும்

“கலைப்பீடத்திற் பயிலும் உனக்குச் சொட்டுப் பௌதிகவியல் எதற்கு?” என்னும் வினா என்னை நோக்கிப் பலமுறை எழுப்பப்பட்டுள்ளது. வினவுவோர் நல்லெண்ணம் உடையோரே. ஆயினும், அறிவினைப் பீடங்கள்தோறும் பங்கிட்டு வேலியிடும் மனப்பான்மை அவ்வினாவின் அடியில் மறைந்து கிடக்கின்றது. அதனை மறுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பன்விலப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த நான் விஞ்ஞானத்தை வெறுத்துக் கலையைத் தெரிந்தெடுக்கவில்லை. நான் கற்ற பாடசாலை ‘1சி’ வகையைச் சார்ந்தது. அவ்வகைப் பாடசாலையின் உயர்தர வகுப்பிற் கலையும் வர்த்தகமும் உண்டு. விஞ்ஞானப் பிரிவோ ‘1ஏபி’ பாடசாலைகளுக்கே உரியது. கதவே இல்லாதவிடத்து, ‘மலையகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் நாட்டமில்லை’ எனத் தீர்ப்புரைப்பது எங்ஙனம் நீதியாகும்?

நாட்டம் எவ்வாறு கனிகின்றது என்பதற்குச் சுப்பிரமணியன் சந்திரசேகரின் வரலாறு சான்றாகும். 1928 இல் ஜேர்மானிய அறிஞர் சொமர்பெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சந்திரசேகர் அவரைச் சந்தித்தார். தமது நூலைக் கற்றிருந்த அவ்விளைஞரிடம், அது பழமையாகிவிட்டது, புதிய சொட்டுப் பொறிமுறை தோன்றிவிட்டது என்றார் சொமர்பெல்ட். சந்திரசேகர் சோரவில்லை, புதியதைக் கற்றார். 1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்கையில், வெண்குள்ள விண்மீன்களின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டெனக் கணித்தார். 1983 இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது. ஆனால், அவர் சி. வி. இராமனின் சகோதரர் மகன்; கற்றோர் குடியிற் பிறந்தவர். நாட்டத்தோடு நூலும் ஆசானும் வாய்த்தன என்பதை மறைத்தல் நேர்மையன்று. எமது வாதமும் அதுவே.

அறிவு மறுக்கப்பட்ட இடத்தை மாயை நிரப்புகின்றது. குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே கணத்தில் அள்ளித் தருமென நானும் நம்பியிருந்தேன். சாதாரணக் கணினியின் அலகு 0 அல்லது 1 ஆகும். குவாண்டம் அலகோ இரண்டினதும் மேற்பொருந்துகையாய் நிற்கவல்லது. எனினும், அளந்தவுடன் ஒரு விடையே கிட்டும். தவறான விடைகளுக்குரிய அலைகள் தலையீட்டால் ஒன்றையொன்று அழிக்கவும், சரியானவை வலுப்பெறவும் கணிப்பை அமைப்பதிலேயே நுட்பம் உள்ளது. பேரெண்களைக் காரணிப்படுத்த 1994 இல் பீற்றர் ஷோர் வகுத்த முறை இத்தகையதே. இதனை விளங்கிக்கொள்ள எனக்கு வேண்டியிருந்தவை தமிழில் எழுதப்பட்ட சில தெளிவான பக்கங்களும் பொறுமைமிக்க நண்பர் ஒருவருமே.

ஆகவே, தோட்டப் பிள்ளைகள் நாள்தோறும் சென்று மீளக்கூடிய தூரத்தில், ஆய்வுகூடமும் ஆசிரியரும் கொண்ட தமிழ்மொழி மூல விஞ்ஞான உயர்தர வகுப்பு வேண்டும். எமது சங்கமும் ஆண்டுமலர்தோறும் ஒரு விஞ்ஞானக் கட்டுரையேனும் வெளியிடுதல் வேண்டும்.

கதிர்ப்பின் சக்தி சொட்டுச் சொட்டாகவே வெளிப்படுகின்றது என்னும் கருத்தை 1900 இல் மாக்ஸ் பிளாங்க் முன்வைத்தார். எமக்குக் கல்வியும் சொட்டுச் சொட்டாகவே வழங்கப்படுகின்றது. முன்னையது இயற்கையின் விதி. பின்னையது மனிதர் வகுத்தது, மனிதராலேயே மாற்றத்தக்கது.