ஆண்டுக்குப் பதின்மூன்று மாதமா?

தோட்டத்துச் செக்ரோலில் மாதம் என்றால் முப்பது நாள், அல்லது முப்பத்தொன்று. பிப்ரவரி ஒன்றுதான் குறை மாதம். கைத்தொலைபேசிக் கம்பெனிகளின் கணக்கிலோ ஆண்டு முழுதும் பிப்ரவரிதான்! 28 நாளைக்கு ஒருமுறை பணம் கட்டினால் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை கட்ட வேண்டும். சம்பளமோ பன்னிரண்டு முறைதான். கிராணி வேலை பார்ப்பவன் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

அண்மையில் சாங்கியிலுள்ள மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே உணவுக்கடையில் ஒரு புதுக்கோட்டைத் தம்பி, ஊரிலுள்ள தாயாரை இரண்டு ஞாயிறாகக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை என்று கலங்கி நின்றார். அந்த அம்மையார் வைத்திருப்பது பொத்தான் போன். மகன் குரல் கேட்பதற்கு மட்டுமே அது. கட்டிய பணத்தின் தவணை முடிந்ததால் வருகிற அழைப்பையும் அடைத்துவிட்டார்கள். தம்பி சாங்கியிலிருந்தே பணம் கட்டினார். பிறகு போனை எடுத்த தாயார், "ஏன்யா கூப்பிடவே இல்லை?" என்று கேட்டாராம். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.

2016 செப்டம்பர் 5-ஆம் நாள் ஜியோ வந்தபோது என்ன சொன்னார்கள்? பேச்சுக்கு என்றைக்குமே காசில்லை என்றார்கள். 2017 மார்ச் வரை இணையமும் இலவசம். அதனால் ஏழை வீட்டுக்கும் இணையம் வந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போட்டியில், நம் மலேசிய மேக்சிஸ் பெரும்பங்கு வைத்திருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனுக் கொடுத்தது. (அதற்குக் கடன் நோயும் இருந்தது.) வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. கடைகள் குறைந்ததும் விலை ஏறிற்று. 2019 டிசம்பர், 2021 இறுதி, 2024 ஜூலை என மூன்று ஏற்றங்கள்! கடைசி ஏற்றத்தில் ஜியோவின் 155 ரூபாய்த் திட்டம் 189 ஆயிற்று. ஏர்டெலின் 179, 199 ஆயிற்று. 189-ஐப் பதின்மூன்றால் பெருக்கிப் பாருங்கள். 2,457 ரூபாய்! அதில் அந்தத் தாயாருக்கு வேண்டாத இணையத்தின் விலையும் சேர்ந்திருக்கிறது.

பேசுவதற்கென்று பிறந்த தொழில், பேச மட்டுமே விரும்புகிறவரை மறந்துவிட்டது. வழி தவறிய தொழிலை அரசுதான் இழுத்து நிறுத்த வேண்டும். 2024 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் தரவேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். அடுத்த மாதம் ஜியோ நிர்ணயித்த விலை என்ன? 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய். நாள் கணக்கில் மலிவு. ஆனால் மொத்தமாக எண்ணி வைக்க வேண்டும். படி அரிசி வாங்குகிற தினக்கூலிக்காரியிடம் மூட்டையாக வாங்கு என்பதுதானே இது? அந்த 336 நாளும் பன்னிரண்டு பிப்ரவரியே!

ஆகவே நாம் கேட்பது இரண்டு. பேச்சு மட்டும் வேண்டுவோர்க்கு, நூறு ரூபாய்க்குள், முழு மாதத் திட்டம் ஒன்று வேண்டும். தவணை முடிந்தாலும் வருகிற அழைப்பை மூன்று மாதமாவது அடைக்கக் கூடாது.