எல்லாக் கிருமிக்கும் ஒரே வாய்ப்பூட்டா?

நோய்க்கிருமியைக் கொல்ல வேண்டியதில்லை, அவை தங்களுக்குள் பேசிக்கொள்வதைத் தடுத்தாலே போதும் என்ற யோசனை கால் நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவ உலகில் வலம்வருகிறது. கொல்லாத மருந்துக்குக் கிருமி பழகிப்போகாது என்ற வாக்குறுதியும் கூடவே வருகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்ட நிலையில், இந்த ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும். எல்லாக் கிருமிக்கும் ஒரே வாய்ப்பூட்டு என்று சொல்லிவருபவர்களுக்கு மட்டும் ஒரு பைசாகூடத் தரக் கூடாது.

தீக்காயங்களில் குடியேறும் சூடோமோனாஸ் ஏருஜினோசா, சிறு மூலக்கூறுகளைச் சமிக்ஞையாக வெளியே விட்டபடி இருக்கிறது. கூட்டம் பெருகப் பெருக அவற்றின் அடர்த்தியும் கூடுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் லாஸ்ஆர் என்ற புரதம், திசுவைச் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இங்கே பேச்சைத் தடுப்பதில் நியாயம் இருக்கிறது.

காலராவில் எல்லாமே தலைகீழ். அந்தக் கிருமி எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்போதுதான் குடலில் ஒட்டிக்கொண்டு நச்சைச் சுரக்கிறது. கூட்டம் சேர்ந்துவிட்டால் ஹாப்ஆர் என்ற புரதம் நச்சு உற்பத்தியை அடக்கிவிடுகிறது. பிடியை விடுவிக்கும் நொதி சுரக்க, கிருமி மலத்தோடு வெளியேறி அடுத்த ஆளைத் தேடிப் போகிறது. இதற்கு வாய்ப்பூட்டுப் போடுவது நச்சுக்கு வழிவிடுவதாகவே முடியலாம். 2010இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். காலராக் கிருமியின் சமிக்ஞையையே சுரக்கும்படி தீங்கற்ற ஈ.கோலை ஒன்றை மாற்றி, எலிக்குட்டிகளுக்கு முன்கூட்டியே புகட்டினார்கள். பெரும்பாலான குட்டிகள் பிழைத்தன.

சூடோமோனாஸிலும் விஷயம் அத்தனை எளிதல்ல. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், சமிக்ஞைக்குச் செவிசாய்க்காத, வீரியம் குன்றிய ரகங்கள் நாளடைவில் பெருகின. மற்றவை சுரக்கும் நொதியில் ஓசியில் பிழைப்பவை அவை. பேச்சைத் தடுக்கும் அசித்ரோமைசினைப் பெற்றவர்களிடமோ ஓசிப் பிழைப்புக்கு வழியில்லாமல் போய், வீரியம் மிக்க ரகமே நிலைத்தது. கிருமி பழகிப்போகவில்லைதான், நோயாளிக்கு அதனால் என்ன லாபம்?

ஆய்வகத் தட்டில் கிடைத்த வெற்றியை மட்டும் காட்டி நிதி கேட்பதை இனி ஏற்கக் கூடாது. தட்டில் சூடோமோனாஸின் பேச்சை அடக்கிய பூண்டு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோயுள்ள 26 பேரிடம் நடந்த முன்னோடிச் சோதனையில் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. எந்தக் கிருமி, தொற்றின் எந்தக் கட்டம், மருந்தை நிறுத்திய பிறகு எஞ்சுவது எந்த ரகம் என்ற மூன்றுக்கும் தனித்தனியே தரவு தருபவர்களுக்கே மனிதர்களிடம் சோதிக்க அனுமதி வழங்க வேண்டும்.